மாடசாமி ஏன் விற்கிறார்?

எங்கள் முதலாளி ராமசேஷன் சார் பங்குத் தரகர். அதே சமயம், புத்தியுள்ள இரண்டு பேருக்கு நடுவில் பங்கு வியாபாரம் நடக்கவே முடியாது என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. வியாபாரம் நடந்தால்தான் தரகர் வீட்டில் உலை கொதிக்கும். எங்களுக்கெல்லாம் மாதம் தவறாமல் சம்பளம் வந்தது என்றால், அந்தக் கொள்கை தெரியாதவர்கள் திருவனந்தபுரத்தில் போதுமான அளவு இருந்தார்கள் என்றுதான் அர்த்தம்.

நான் பகவதி. அந்த அலுவலகத்தில் டீலராக இருந்து ஓய்வு பெற்றவள். வாடிக்கையாளர் வாங்கு என்றால் வாங்கி, விற்றுவிடு என்றால் விற்று, கம்ப்யூட்டரில் ஆர்டர் போடுவதுதான் டீலர் வேலை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இப்போது எல்லாரும் போனிலேயே கட்டைவிரலால் வாங்கி விற்றுக்கொள்கிறார்கள். அந்த நாளில் ஜனங்கள் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து என்னதான் செய்தார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய சந்தேகம். பத்து நிமிஷம் கொடுத்தார்கள். நான் சாரைப் பற்றி ஆரம்பித்து மூச்சு விடுவதற்குள், "சேச்சி, டைம் ஆயி" என்று ஒரு பெண் மைக்கை வாங்கிக்கொண்டது. எழுத்தில் யாரும் மைக்கைப் பிடுங்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் வடசேரிக்காரி. நாகர்கோவிலில் பி.காம்., டைப்ரைட்டிங், பிறகு கல்யாணம், பிறகு கரமனையில் குடித்தனம். வேலைக்குச் சேர்ந்தபோது பங்கு என்பது காகிதமாக இருந்தது. பிறகு அது கம்ப்யூட்டருக்குள் போனது. பரீட்சை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். என் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் சாரின் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

எங்கள் அலுவலகம் பழவங்காடியில், பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்து மாடியில். காலையில் சந்தை திறப்பதற்கு முன்பே தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து விலையைப் பார்க்கிற எங்கள் ஹாலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அங்கே ஒரு தேங்காயை வீசிவிட்டுத்தான் மாடி ஏறுவார்கள். ஒருநாள் ஒரே பங்கு ஏற வேண்டும் என்று ஒருத்தரும், இறங்க வேண்டும் என்று இன்னொருத்தரும் உடைத்துவிட்டு வந்து, அந்த விஷயம் ஹாலில் வெளியாகி, பிள்ளையார் யார் பக்கம் என்று வாக்குவாதம் ஆகிவிட்டது. சார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அவர் ரெண்டு தேங்காயையும் வாங்கிண்டுட்டார். தரகர்னா அவர்தான் ஓய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சார் முதலில் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர். கோட்டைக்குள் அக்ரகாரத்து வீடு. ஏன் வாத்தியார் வேலையை விட்டுத் தரகராக வந்தார் என்று கேட்டால், பாடத்தில் நடக்காது என்று சொன்ன காரியம் வெளியே தினமும் நடக்கிறதே, எப்படி என்று பார்க்க வந்தேன் என்பார். வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக, ஓசையில்லாமல் நடந்து வந்து, வாங்க வந்தவருடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குரலை உயர்த்த மாட்டார். கல்யாண வீட்டில் சாப்பிட்டாயிற்றா என்று விசாரிக்கிற மாதிரி கேட்பார்.

"இத உங்களுக்கு விக்கறவன் யாரு?"

"அது எப்படி சார் தெரியும்?"

"மூஞ்சி தெரிய வேண்டாம். மனசு தெரியணும். அவன் தேவைக்காரனா, தெரிஞ்சவனா?"

தேவைக்காரன் என்றால் வீட்டில் செலவு வந்து விற்கிறவன். அவனிடம் தாராளமாக வாங்கலாம். தெரிந்தவன் என்றால், நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்து விற்கிறவன். அவனிடம் வாங்கினால் நாம் தொலைந்தோம். ஆக, விற்கிறேன் என்று ஒருத்தன் வந்து நிற்பதே ஒரு சேதி. அந்தச் சேதியைக் கேட்ட பிறகும் வாங்குகிறவன், தன்னைவிட அவன் முட்டாள் என்று நம்ப வேண்டும். அவனும் நம்மைப் பற்றி அப்படியேதான் நம்பிக்கொண்டிருப்பான். இரண்டு பேரும் நிதானமாக உட்கார்ந்து யோசித்தால் இரண்டு பேரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது சாருடைய கணக்கு.

இதைக் கேட்டு நிஜமாகவே எழுந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிரபாகரன் நாயர் ஒருதடவை ஒரு வாரம் யோசித்துக் கடைசியில் வாங்காமல் போனார். போகும்போது சாரின் கையைப் பிடித்து நன்றி வேறு சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு ஒரு பைசா தரகு இல்லை. சார் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நான்தான் மாதச் சம்பளத்தை நினைத்துக்கொண்டேன்.

சாருடைய இந்தக் கேள்வியால் எங்கள் ஹாலில் ஒரு வழக்கம் வந்து சேர்ந்தது. விற்க வருகிறவர்கள் எல்லாரும் காரணத்தை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் விற்பார்கள். மகனுக்கு ஃபீஸ் கட்டணும், கூரை ஒழுகுது, சபரிமலைக்குப் போகணும் என்று. நான் தேவைக்காரன், எனக்கு ஒன்றும் தெரியாது, பயப்படாமல் வாங்குங்கள் என்று ஹாலுக்குச் சொல்கிற மாதிரி. முதலில் உண்மையான காரணமாகத்தான் இருந்தது. பிறகு காரணம் சொன்னால் நல்ல விலை கிடைக்கிறது என்று தெரிந்ததும், ஊரில் இல்லாத வியாதியெல்லாம் எங்கள் ஹாலுக்கு வந்துவிட்டது.

இதில் முன்னணியில் நின்றவர் பரமசிவம் பிள்ளை. எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்தான், வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்சாதிக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்று சொல்லி ஒரு பங்கை விற்றார். ஓணத்துக்குப் பிறகு அதே ஆபரேஷனுக்காக இன்னொரு பங்கை விற்றார். மூன்றாவது தடவை அதே பித்தப்பை வந்தபோது, ஹாலில் எல்லாருக்கும் மனசு உருகிவிட்டது. ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நாங்கள் ஒரு கூட்டமாக அவர் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாள் வாசலில் நின்று கொக்கி கட்டிய தோட்டிக் கம்பால் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு ஆபரேஷன் என்று எங்களையே கேட்டார்கள். பழத்தை மட்டும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் பிள்ளை அலுவலகத்துப் பக்கம் வரவில்லை. வந்தபோது எதுவும் நடக்காத மாதிரி, "மார்க்கெட்டு எப்பிடி இருக்கு பகவதி?" என்றார். அவர் தோல் அப்படிப்பட்டது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் ஹாலில் யார் என்ன காரணம் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. இந்த நிலைமையில்தான் மாடசாமி விற்க வந்தார்.

மாடசாமி சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். தம்பானூரில் ஒரு சந்தில் டீக்கடை. கடைக்கு எதிர் மாடியில், ரப்பர் கையுறை செய்கிற ஒரு கம்பெனியின் தலைமை ஆபீஸ். மாடசாமி மிச்சம் பிடித்ததையெல்லாம் அந்த ஒரே கம்பெனியின் பங்கில் போட்டு வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், "தெனமும் பாக்கேன்லா யக்கா, எல்லாம் ஒழுங்கா டீ குடிச்சிட்டுப் போற ஆளுவ" என்பார். இதைவிட மோசமான காரணங்களுக்காகப் பங்கு வாங்கிய பட்டதாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கடை வாடகை இடம். இடத்துக்காரருக்கு வயதாகிவிட்டது, மகளோடு போய் இருக்கத் தீர்மானித்து இடத்தை விற்க நினைத்தார். மாடசாமியிடம் முதலில் கேட்டார், நல்ல மனுஷன். மாதக் கடைசிக்குள் பணம் தந்தால் உனக்கு, இல்லாவிட்டால் பேக்கரிக்காரனுக்கு என்று சொல்லிவிட்டார். மாடசாமிக்கு அந்தக் கடையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. மாவாட்டுவது மனைவி, தோசை ஊற்றுவது மைத்துனன், மாடியில் இருந்த ஒற்றை அறையில்தான் எல்லாரும் படுக்கை. இடம் கைமாறிப்போனால் பாய்லரையும் தோசைக் கல்லையும் தூக்கிக்கொண்டு தென்காசி பஸ் ஏற வேண்டியதுதான்.

அவர் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்று, எல்லாவற்றையும் விற்றுவிடச் சொன்னார். வழக்கப்படி ஹாலே காரணம் கேட்டது. கடையை வாங்கணும் என்றார். ஹாலில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எதிர் மாடியில் இருக்கிற கம்பெனி. அங்கே இருக்கிற அத்தனை பேரும் டீ குடிப்பது இவர் கடையில். இவர் அந்தக் கம்பெனியின் பங்கை மொத்தமாக விற்கிறார் என்றால்?

"மாடசாமி விக்கணும்னா அதுல காரியம் உண்டு. ஞான் வாங்கல்ல" என்றார் நாயர். காலையில் அதே பங்கை வாங்கச் சொல்லி அவர் போட்டிருந்த ஆர்டரை என் கையாலேயே ரத்து செய்ய வைத்தார். பரமசிவம் பிள்ளை அதற்கும் ஒரு படி மேலே போனார். அவரிடம் அந்தப் பங்கு கொஞ்சம் இருந்தது. மாடசாமிக்கு முன்னால் என்னுதை விற்றுவிடு என்று என் காதோடு சொன்னார். அந்தப் பங்கை வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் எங்கள் ஊர் ஆட்கள்தான். மத்தியானத்துக்குள் சேதி கிழக்கேகோட்டை முழுக்கப் பரவிவிட்டது. ஒரு நாளில் இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று சந்தை வைத்திருக்கிற கோட்டில் விலை போய் நின்றது. வாங்குவதற்கு ஒரு ஈ, காக்கை இல்லை. மாடசாமி தன் பங்கில் ஒன்றைக்கூட விற்கவில்லை.

மறுநாளும் இதே கதை. அதற்கடுத்த நாள் கடை வாங்குவதற்கான உடன்படிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். பித்தப்பையைப் பார்த்த ஹால் அது, காகிதத்துக்கு மசியுமா? கடைசியில் இடத்துக்காரரையே கையோடு கூட்டிவந்துவிட்டார். அந்தப் பெரியவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஹாலில் பேசுவதையெல்லாம் கவனமாகக் கேட்டார். பிறகு மாடசாமியைத் தனியாக அழைத்து, கம்பெனியில் நிஜமாகவே என்ன நடக்கிறது என்று விசாரித்தார். சாட்சிக்கு வந்தவரே சந்தேகத்தில் சேர்ந்துவிட்டார்.

மாடசாமிக்கு அன்றைக்கு முகமே செத்துப்போயிருந்தது. "நா என்னத்தக்கா கண்டேன்? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எப்பிடிக்கா காட்டுதது?" என்று என்னிடம் கேட்டார். தெரியும் என்பதற்கு அத்தாட்சி காட்டலாம். தெரியாது என்பதற்கு எதைக் காட்டுவது?

நான் சாருடைய அறைக்குப் போனேன். சார் ஆர்டர் சீட்டின் முதுகில் அம்புக்குறி போட்டு ஏதோ வரைந்துகொண்டிருந்தார். கண்ணில் அப்படி ஒரு பிரகாசம். "பகவதி, பாத்தேளா? காலேஜ்ல இத நடத்தறச்சே ஒரு பயலும் நம்பலை. நம்ம ஹால்லயே நடக்கறது, கேட்டேளா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், உங்களுக்கு இது பாடம். அந்த மனுஷனுக்கு இது கடை" என்றேன்.

சார் பேனாவை மூடினார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். பிறகு மாடசாமியை உள்ளே கூப்பிடச் சொன்னார். எல்லாருக்கும் இருப்பது ஒரே சந்தேகம்தான், அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை என்பது. அவருக்குத் தெரிந்த அத்தனையும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்பது சாருடைய யோசனை. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கம்பெனியின் உள் ரகசியம் எதையாவது தெரிந்துகொண்டு பங்கை விற்கக் கூடாது. அப்படி ஏதாவது இருந்தால் கடையே போனாலும் விற்க விடமாட்டேன் என்று மாடசாமியிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, கடையில் கம்பெனிக்காரர்கள் பேசியது, செய்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். மாடசாமி சொன்னார். சார் கண்ணை மூடிக் கேட்டார். "இதுல ரகசியம்னு சொல்ல ஒரு மண்ணும் இல்லே. வெளியில வந்து இத அப்படியே சொல்லுங்கோ" என்றார்.

ஹாலில் எல்லாரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். மாடசாமி தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று, நீதிமன்றத்தில் நிற்கிறவர் மாதிரி ஆரம்பித்தார். எதிர் மாடியில் லிஃப்ட் பழுதாகி நாளாகிறது. பெரிய முதலாளி மாடிப்படி ஏறும்போது யாரையோ திட்டிக்கொண்டே ஏறுகிறார். மீட்டிங் என்றால் எப்போதும் மூன்று உளுந்துவடை பார்சல் போகும், போன செவ்வாய்க்கிழமை ஏழு போனது. மேனேஜர் போனில் யாரிடமோ எறணாகுளத்தில் கொசு அதிகமாமே என்று கேட்டுக்கொண்டிருந்தார். கணக்கு பார்க்கிற தாமஸ் சார் இப்போதெல்லாம் சர்க்கரை இல்லாமல் டீ குடிக்கிறார். இவ்வளவுதான், தலையில் அடித்துச் சத்தியம் செய்யவும் தயார் என்றார்.

சார் ஹாலைப் பார்த்தார். இனி எல்லாருக்கும் தெரிந்தது ஒன்றே, ஆகவே எல்லாருடைய முடிவும் ஒன்றாகவே இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். பாவம், எத்தனை புத்தகம் படித்தவர்.

நாயர் தொடையில் தட்டினார். மூன்று வடை ஏழு ஆகியிருக்கிறது என்றால் வெளியிலிருந்து நான்கு பேர் வந்திருக்கிறார்கள், வந்தவர்கள் புதிதாக ஆர்டர் கொடுக்க வந்தவர்கள், எறணாகுளத்தில் கம்பெனி கிளை திறக்கப் போகிறது, ஆகவே வாங்க வேண்டும் என்றார். பிள்ளைக்கு அந்த நான்கு பேர் கடன் கொடுத்த பாங்குக்காரர்கள் என்பதில் சந்தேகமே இல்லை. லிஃப்டைப் பழுது பார்க்கக் காசில்லாத கம்பெனி என்றார். முதலாளி திட்டிக்கொண்டே ஏறுவது அவர் உடம்பு திடமாக இருப்பதற்கு அடையாளம் என்றார் ஒருவர். தாமஸ் சாருக்குச் சர்க்கரை வியாதி என்று ஒரு கட்சி. கம்பெனி சிக்கனம் பிடிக்கிறது என்று இன்னொரு கட்சி. சிக்கனம் நல்லதா கெட்டதா என்று அந்தக் கட்சிக்குள்ளேயே பிளவு. வடையைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. அது பாதி வடைகளாக இருக்கலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். தன் கடையில் பாதி வடை கிடையாது என்று மாடசாமி கோபித்துக்கொண்டார்.

பிறகு என் மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம். வாங்கு என்று பாதிப்பேர், விற்றுவிடு என்று பாதிப்பேர். என் இரண்டு கை போதவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மாடசாமியின் பங்கு அத்தனையும் விற்றுப்போனது. பெரும்பகுதியை வாங்கியவர் நாயர். சார் அறை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே வடைதானே பகவதி?" என்று மட்டும் கேட்டார். நான் அவருக்கு மோர் கொண்டுவரச் சொன்னேன்.

மாதக் கடைசிக்குள் மாடசாமி பத்திரம் பதிந்துவிட்டார். எங்கள் ஆபீசுக்கு ஒரு தட்டு ஜிலேபி வந்தது. எனக்குச் சொந்த வீட்டில் விசேஷம் மாதிரி சந்தோஷம்.

ஆனால் ஓணம் தாண்டியதும் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. வியாபாரம் சரியில்லை, செலவைக் குறைக்க வேண்டும், தம்பானூர் ஆபீசை மூடிவிட்டு எறணாகுளத்தில் இருக்கிற தொழிற்சாலைக் கட்டிடத்திலேயே ஆபீசையும் வைத்துக்கொள்ளப் போகிறோம், ஆட்களையும் குறைக்கிறோம் என்று. பங்கு மடமடவென்று சரிந்தது. பங்கு தேறும் என்று காத்திருந்த நாயருக்கு, ஆபீசைக் காலி செய்துவிட்டார்கள் என்று ஒருநாள் சேதி வந்தது. எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, மாடியிறங்கினார். அவருக்குப் பின்னால் பிள்ளை, பிள்ளைக்குப் பின்னால் ஹால் முழுக்க. எங்கே போகிறார்கள் என்று புரிந்ததும் சாரும் நானும் ஓடினோம்.

பழவங்காடியிலிருந்து தம்பானூர் வரை வெயிலில் ஒரு ஊர்வலம். மாடசாமி பாய்லருக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துத் திகைத்துவிட்டார். "எல்லாம் அறிஞ்சுகொண்டு எங்க தலையில கட்டிவிட்டு, அல்லே?" என்றார் நாயர். பிள்ளை தன்னுடையதை முன்பே விற்றிருந்தார், இதில் ஒரு பைசா நஷ்டமில்லை, ஆனால் சத்தம் போட்டவர் அவர்தான்.

சார் நடுவில் போய் நின்றார். வேர்த்து ஊற்றியது. எதிர் மாடியைக் காட்டினார். ஜன்னலெல்லாம் சாத்தி, வாசலில் வாடகைக்கு என்று பலகை தொங்கியது. பிறகு கடையைக் காட்டினார். பாதி பெஞ்சு காலி.

"ஓய் நாயரே, இந்தக் கடைக்கு வரவு போக்கே அந்த மாடியாக்கும். அது காலியாகப் போறதுன்னு இவருக்குத் தெரிஞ்சிருந்தா, பங்கை வித்த காசுல இந்தக் கடையையா வாங்குவார்?"

நாயர் மாடியைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குடையை மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்து டீ கேட்டார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அன்றைக்குக் கடையில் நல்ல வியாபாரம். குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சார் முகத்தில் பழைய பிரகாசம் திரும்பியிருந்தது. நடந்துகொண்டே நாயருக்கு அதையே மறுபடியும் முதலிலிருந்து விளக்கிக்கொண்டு போனார்.

நான் எல்லாருடைய டீக்கும் காசு கொடுக்கக் கல்லாவுக்குப் போனேன். கல்லாவில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் உட்கார்ந்து, நோட்டுகளைத் தலை ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தார். புதிதாக இருக்கிறீர்களே என்றேன். தாமஸ் என்றார். எதிர் மாடியில் கணக்குப் பார்த்தவராம். அங்கே கணக்கு முடிந்ததும் மறுநாளே இங்கே வந்துவிட்டாராம். இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள் என்றும், மாடசாமி கடையைப் பதிவதற்கு முன்னாலேயே தனக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்றும் சொன்னார்.

பதிவதற்கு முன்னால். எண்ணிக்கொண்டிருந்த சில்லறையைக் கல்லா மேல் வைத்தேன். ஹாலில் மாடசாமி தலையில் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக நின்றது ஞாபகம் வந்தது.

பாய்லருக்குப் பக்கத்தில் போய், மெதுவாகக் கேட்டேன். தாமஸ் சார் வேலை கேட்டு உங்களிடம் வந்ததை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்றேன். மாடசாமி ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். நான் இதைக் கேட்டதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

"கண்ணு நெறஞ்சு நின்னு கேட்டாருக்கா. அதப் போயி அத்தன பேரு முன்னாடி சொல்லுவாவளா? எனக்குத் தெரிஞ்சது அவரு கஷ்டம். கம்பெனி கஷ்டம் எனக்கு எங்க தெரியும்?"

நான் ஆபீஸ் மாடி ஏறி வந்தபோது, சார் ஏன் இத்தனை நேரம் என்று கேட்டார். டீ ஆறவில்லை சார் என்று சொல்லிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன்.